கோடு நடுங்கிய மாதங்கள்

அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. சாப்பாடு கூடாது, தண்ணீர் கூடாது. தலையில் பூ வைத்துக்கொண்டு போனால்கூட இதழ் உதிருமே என்று மேனேஜர் முகத்தைச் சுளிப்பார். எண்பதுகளின் கடைசியில், அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டியிருந்த ஒரு சிமென்ட் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில், கூடத்தின் ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்து ஏ.சி. போட்டார்கள். குளிர் கம்ப்யூட்டருக்கு. நான் அதற்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பெரம்பலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவேன். ஐ.டி.ஐ.யில் படம் வரையும் படிப்பு முடித்தவள். கூடத்தில் ஆறு சாய்வு மேஜைகள். சுரங்கத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும் வரைபடங்களை மைப்பேனாவால் டிரேசிங் தாளில் எடுப்பது எங்கள் வேலை. ஆறு பேரில் இரண்டு பேர் பெண்கள். நானும், செந்துறையிலிருந்து வரும் ஓர் அக்காவும். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மூன்று வருஷம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். மாமியார் பேசியது, குழந்தைக்கு அம்மை போட்டது, பஸ்ஸில் எவனோ இடித்ததற்கு இவர் குடைக்காம்பால் குத்தியது எல்லாம் எனக்குத் தெரியும். "நீ ஒரு கல்லுளிமங்கிடி. வாயத் தொறந்தா முத்தா உதுந்துடும்?" என்பார். என் கத்தரிக்காய்க் குழம்பில் பாதியை எடுத்துக்கொண்டே சொல்வார் என்பதால் எனக்குக் கோபம் வராது. மற்றவர்களிடம் எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும்.

கம்ப்யூட்டரோடு ஒரு பலகை வந்தது. டிஜிடைசர் என்றார்கள். ஜன்னல் கதவு அகலத்துக்கு, வெள்ளையாக, வழுவழுவென்று இருக்கும். அதன்மேல் பழைய வரைபடத்தை ஒட்டி, ஒயர் வைத்த ஒரு பேனாவைக் கோட்டின் மேலேயே அழுத்தி இழுத்துக்கொண்டு போனால், அந்தக் கோடு திரையில் பச்சையாக வரும். தாளில் ஒன்றும் விழாது. கை ஓரிடத்தில், கோடு வேறிடத்தில். இந்த வேலைக்கு ஆள் எடுக்க மேனேஜர் ஒரு நாள் எங்கள் ஆறு பேரையும் ஸ்கேல் இல்லாமல், வளைவுக்கட்டை இல்லாமல், வெறும் கையால் ஒரு நீளக் கோடு போடச் சொன்னார். கடைசியில் நானும் அக்காவும் மிஞ்சினோம். இன்னொரு தடவை போடச் சொல்லி, இரண்டு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா பெரம்பலூரு, ஒன் கைதான் கல்லு மாதிரி நிக்குது," என்றார்.

அக்கா என் முதுகில் தட்டினார். "போடி, வேர்க்காம ஒக்காந்துருப்ப. நாங்க இங்க வெந்துகிட்டு கெடக்குறோம்," என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைத்தேன். ஆனால் அன்று மத்தியானம் என் டப்பாவில் கை வைக்கவில்லை.

ஆயுத பூஜையன்று இயந்திரத்தை அமர்த்தினார்கள். மேனேஜருக்கு அதன்மேல் இருந்த மரியாதைக்கு, தன் சொந்த மேஜையையே எடுத்துக் கொடுத்துவிட்டார். பளபளவென்ற இரும்பு மேஜை, ஆபீஸிலேயே உசத்தியானது அதுதான். அடியில் ஸ்டெபிலைசரை வைத்து, மேலே பலகையை வைத்து, நான்கு மூலையிலும் சந்தனம் தொட்டு வைத்து, கற்பூரம் காட்டினோம். மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியர் சிரிக்காமல் நின்றார், அதற்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். புறப்படும்போது ஒரு தடித்த புத்தகத்தைத் தந்தார், இயந்திரத்தைப் பற்றிய எல்லாம் அதில் இருக்கிறதென்று. அவர் பஸ் ஏறும் முன்பே மேனேஜர் அதை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். சுண்ணாம்புத் தூசி பட்டுப் பாழாகிவிடுமாம். எனக்கு இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

என் முதல் கோட்டை மேனேஜர் பின்னால் நின்று பார்த்தார். சுரங்கத்தின் வடக்குச் சரிவில் ஓடும் ஒரு நீளமான சம உயரக்கோடு. நிதானமாக இழுத்தேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இழுத்தேன். திரையில் வந்தது கருக்கரிவாளின் விளிம்பு மாதிரி இருந்தது. சின்னச் சின்னப் பல், கோடு முழுக்க. இன்னொரு கோடு போட்டேன். அதுவும் அப்படியே.

"கை நடுங்குதாம்மா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். புது இடம், குளிர் வேறு. கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று பெயர் வாங்கியவர். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஊசி போடும்போது மட்டும். பிறகு மருந்து ஊற்றும்போதும். டாக்டர் நல்லவர், ஒன்றும் சொல்லாமல் சீட்டு எழுதும் வேலை கொடுத்தார். சீட்டில் இருந்த பெயரை யாராலும் படிக்க முடியாமல் போனதும் அப்பாவே நின்றுகொண்டார். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு நான் டம்ளரில் பாதிதான் காப்பி ஊற்றுவேன், அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார், மீதிப் பாதியைப் பிறகு ஊற்றுவேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. உறவுக்காரர்கள் வந்தால் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரே ஒரு தடவை, நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், அவராகச் சொன்னார்.

"எங்கப்பாருக்கும் இருந்துச்சு. எனக்கு இருபத்தஞ்சு வயசுல வந்துச்சு. ஆபீஸுல போயி யாருகிட்டயும் இத சொல்லிக்கிட்டு இருக்காத. நாளைக்கு ஒனக்கு மாப்ள பாக்கணும்."

நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் மேனேஜர் அப்படிக் கேட்டது எனக்குச் சாதாரணக் கேள்வியாக விழவில்லை. தாளில் போட்ட கோட்டில் நடுக்கம் தெரியவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் மெட்ராஸ் எஞ்சினியர் சொல்லியிருந்தார், இந்தப் பலகை தலைமுடி அகலத்தில் பாதியைக்கூடக் கண்டுபிடிக்கும் என்று. என் கண்ணுக்கும் மேனேஜர் கண்ணுக்கும் படாதது இதற்குப் படுகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஊசி போடும்போது அப்பாவின் கையும் முதலில் யார் கண்ணுக்கும் படாமல்தானே நடுங்கியிருக்கும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் சில மாதத்தில் எனக்கு இருபத்தைந்து.

ஜெராக்ஸ் தாள் இரண்டையும் வைத்துக்கொண்டு இயந்திரத்தின் அமைப்புகளோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். மூன்று எண்கள்தான் நம் கையில் இருந்தன. பேனா ஒரு நொடிக்கு எத்தனை புள்ளி வைக்க வேண்டும் என்பது ஒன்று. புள்ளிக்கும் புள்ளிக்கும் குறைந்தது எவ்வளவு இடைவெளி என்பது இன்னொன்று. மூன்றாவது ஸ்மூத்திங். கடைசியாக விழுந்த சில புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி பார்த்துக் கோட்டை மெழுகிவிடும். பூஜ்யம் முதல் ஒன்பது வரை வைக்கலாம். பூஜ்யத்தில் கை எப்படியோ கோடு அப்படி. எண் ஏற ஏறக் கோடு வழவழப்பாகும்.

புள்ளியைக் குறைத்தால் வளைவு முறிந்து முறிந்து வந்தது. கூட்டினால் பற்கள் நெருக்கமாயின. இடைவெளியைக் கூட்டினால் ஓடைக்கரை வளைவெல்லாம் செங்கல் அடுக்கியது போல ஆயிற்று. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஸ்மூத்திங்கை ஏழில் வைத்தேன். வெண்ணெயில் விரலை வைத்து இழுத்த மாதிரி கோடு வந்தது. கோடு கைக்குக் கொஞ்சம் பின்தங்கி வரும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மேனேஜர் பார்த்துவிட்டு, "கை படிஞ்சிடுச்சு பாத்தியா," என்றார்.

படியவில்லை, மறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்போதிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன், கூடத்தில் யாரும் வந்திருக்க மாட்டார்கள். இயந்திரத்தைப் போட்டு, ஏழை எடுத்துவிட்டுப் பூஜ்யம் வைத்து, ஒரே ஒரு கோடு இழுப்பேன். இன்று எவ்வளவு நடுங்குகிறது என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு அழித்து, மறுபடி ஏழு வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். சில நாள் பற்கள் சிறிதாக இருக்கும், அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன். சில நாள் பெரிதாக இருக்கும். அன்று முன்தினம் என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று யோசிப்பேன். காப்பியை விட்டேன். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தால் கை அசருகிறதோ என்று உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸுக்காக நின்றேன். பேனாவைக் கை படாமல் தனியாக நிறுத்திப் பார்க்கலாம் என்றால், அழுத்திப் பிடித்தால்தான் அது புள்ளி வைக்கும். என் கையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

வேறு வழி இருந்தது. அந்தப் பேனாவை இன்னொருவர் கையில் கொடுத்து ஒரு கோடு போடச் சொன்னால் முடிந்தது. பத்தடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய வாய் அசைவது தெரியும், என்ன பேசுகிறார் என்று கேட்காது. அறைக்குள் மற்றவர்கள் வரக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார் என்பது உண்மை. ஆனால் மேனேஜர் வாரத்தில் இரண்டு நாள் சுரங்கத்துக்குள் போய்விடுவார், அவருக்குப் பயந்து நான் கேட்காமல் இருக்கவில்லை. அக்காவின் கோடு நேராக வந்துவிட்டால் என்ன செய்வேன் என்பதற்குத்தான் பயந்தேன். அப்படி வந்துவிட்டால் பிறகு ஏழும் கிடையாது, பூஜ்யமும் கிடையாது, என் கை என் அப்பாவின் கைதான்.

எங்கள் சாப்பாடும் நின்றுபோயிருந்தது. கம்ப்யூட்டரை நடுவில் நிறுத்தக் கூடாது என்று எனக்குச் சாப்பாட்டு நேரத்தை ஒரு மணி தள்ளிவைத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த பிறகு நான் தனியாகப் போய் டப்பாவைத் திறப்பேன். முதல் வாரம் அக்கா தன் குழம்பில் கொஞ்சம் எடுத்து மூடி வைத்துவிட்டுப் போனார். பிறகு நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை. மகாராணி வந்துட்டாங்க, எழுந்து வழிவிடுங்க என்று கூடத்தில் ஒருவர் கிண்டல் செய்தபோது அக்காவும் சிரித்தார். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்ததும், நான் போட்ட வரைபடத்தின் பெரிய அச்சு மெட்ராஸிலிருந்து வந்தது. சர்வேயர் அதை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சுரங்கத்தின் எல்லைக்கற்கள் இருக்கும் மூலைகள் எல்லாம் மழுங்கிப்போயிருந்தன. ஸ்மூத்திங் செய்த வேலை. நடுக்கத்தை மெழுகும்போது மூலையையும் சேர்த்து மெழுகிவிட்டது. தென்கிழக்கில் எல்லைக்கோடு கல்லை விட்டுவிட்டு, பக்கத்து முந்திரித்தோப்புக்காரர் நிலத்துக்குள் நாலு மரம் தள்ளிப் புகுந்து வெளியே வந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஸ்மூத்திங்க எடுத்துடும்மா. பூஜ்யத்துல வச்சி மறுபடி எல்லாத்தையும் போடு. ஒன் கைக்கு அதெல்லாம் எதுக்கு? ஒரு வாரம் தரேன். முடியலன்னா சொல்லு, வேற ஆள ஒக்கார வைக்கிறேன்."

சரிங்க சார் என்று வந்துவிட்டேன். வேலை போகாது, பழைய மேஜைக்குப் போவேன், அதில் ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் பார்க்கத் திரையில் அந்தப் பற்கள் வரும். ஏன் என்று கேட்பார்கள். இரண்டு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அப்பா கஞ்சி வைத்துக்கொடுத்தார். கிண்ணத்தைக் கொண்டுவரும் வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்தார், பிறகு அவரே துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் முடிவு செய்தேன், இனி தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று.

மூன்றாம் நாள் மேனேஜர் சுரங்கத்துக்குள் போனதும் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்."

அவர் நம்பவில்லை. "என்னையா? சார் திட்டுவாருடி."

"சார் இல்லக்கா. வாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஏதோ கோயிலுக்குள் வந்த மாதிரி சுற்றிப் பார்த்தார். பலகை மூலையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் நான் இருந்த அவசரத்தில் அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவில்லை. பூஜ்யம் வைத்துவிட்டுப் பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தக் கோட்டு மேலயே இழுத்துக்கிட்டு வாங்கக்கா. மெதுவா."

"நான் போடலாமா?"

"போடுங்க."

பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, மேஜையில் அவர் வரைவது போலவே. நான் அவர் கையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தேன். பச்சைக் கோடு கிளம்பியது. பற்கள். அதே பற்கள், அதே இடைவெளி, அதே அளவு. என் கோட்டை எடுத்து வைத்தது மாதிரியே வந்தது.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்தது அப்படியே சிரிப்பாக வெளியே வந்தது. கையைத் தட்டினேன் என்று நினைக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர வர. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"நான் போட்டதா இது?"

"ஆமாக்கா," என்றேன், சிரித்துக்கொண்டே.

பேனாவைப் பலகையின் மேல் மெதுவாக வைத்தார். "இதக் காட்டத்தான் கூப்ட்டியா," என்றார். எனக்குச் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவர் கதவைத் திறந்துகொண்டு போய், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், தன் மேஜையில் உட்கார்ந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டார்.

பின்னாலேயே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒரு வார்த்தையோடு முடியாது. ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டும், அதற்கு என்னை ஏன் பயம் பிடித்தது என்று சொல்ல வேண்டும், அதற்கு அப்பாவின் கையைச் சொல்ல வேண்டும். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மேனேஜர் வந்ததும் நேராகப் போய் அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். புத்தகம் இல்லாமல் இனி ஒரு கோடு போடமாட்டேன் என்றேன். அப்படிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, எனக்கும் அது புதிதுதான். பீரோவைத் திறந்து கொடுத்தார். பதினொன்றாம் பக்கத்திலேயே இருந்தது, கட்டம் கட்டி. பலகையை இரும்பு மேஜையின் மேல் வைக்காதீர்கள். ஸ்டெபிலைசர், மோட்டார் போன்றவற்றைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வைத்தால் கோடு நடுங்கும்.

ஆபீஸிலேயே உசத்தியான மேஜை என்று மரியாதையாகக் கொடுத்தது. அதற்குப் போய் மூன்று மாதம் காப்பியை விட்டிருந்தேன். ஸ்டோர் ரூமில் கால் ஆடிக்கொண்டிருந்த ஒரு மர மேஜையைக் கொண்டுவரச் சொல்லி, காலுக்கு அட்டை கொடுத்து, பலகையை அதன்மேல் மாற்றினோம். ஸ்டெபிலைசரை எதிர்ச் சுவரோரம் தள்ளினோம். பூஜ்யத்தில் வைத்து இழுத்தேன். கோடு கோடாக வந்தது, மூலை மூலையாக வந்தது. மேனேஜர் தன் இரும்பு மேஜையைத் தடவிப் பார்த்தார், பாவம், அதைத் திரும்பத் தன் அறைக்குக் கொண்டுபோனதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பெரம்பலூரில் இறங்கி ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"என்ன விசேஷம்?" என்றார் அப்பா.

"சும்மாதான்ப்பா."

வேறு என்ன சொல்ல முடியும்? உங்களுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்று சொல்லி அவருக்கு ஜிலேபி கொடுக்க முடியுமா? அவர் தின்னும்போது அது கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

மறுநாள் அக்காவிடம் போனேன். "அக்கா, நேத்து..." என்று ஆரம்பித்தேன். "வேல இருக்குடி," என்றார், நிமிராமல். அடுத்த நாளும் அப்படித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன பெரிய கொலை செய்துவிட்டேன், சிரித்ததற்கு இவ்வளவா, வேண்டுமானால் அவர் வரட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு வாரத்துக்குள் மொத்த வரைபடத்தையும் மறுபடி போட வேண்டியிருந்தது. தலையைத் தூக்க நேரமில்லை என்பதும் எனக்கு வசதியாக இருந்தது.

மாசி பிறந்து ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது அக்காவின் மேஜை காலியாக இருந்தது. லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். நாலு நாள் ஆகியும் வரவில்லை. மேனேஜர் உள்ளே வந்தபோது கேட்டேன்.

"அதுவா, ஒனக்குத் தெரியாதா? லாரி எடை போடற எடத்துக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டுப் போயிடுச்சு. கை நடுங்குதாம். இனிமே மைப்பேனா புடிக்க மாட்டேன்னுடுச்சு. திருச்சிக்குப் போயி டாக்டர் கிட்ட காட்டிட்டு வந்துருக்கு. அவரு ஒன்னுமில்லன்னுதான் சொல்லியிருக்காரு, இது நம்ப மாட்டேங்குது."

அவர் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. திருச்சி வரை பஸ்ஸில் தன் கையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார். டாக்டர் கண்ணுக்குத் தெரியாதது இயந்திரத்துக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது விரலைக் கவனித்திருப்பார். அது எப்படியிருக்கும் என்று அந்த ஆபீஸில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். என்னை விட்டுப் போன பயத்தை நானே கூப்பிட்டு அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் கெட்டவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

எடை மேடைக்கு அரை மைல் வெயிலில் நடந்தேன். லாரிகளின் தூசியில், ஒரு தகரக் கொட்டகையில், அக்கா ரிஜிஸ்டரில் வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்க கையில ஒன்னுமில்ல. மேஜதான் தப்பு. வந்து பாருங்க."

அவர் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கூட வந்தார். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் கூடத்தின் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், மேனேஜர் இருக்கும்போதே அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். பதினொன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பேனாவைக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. இழுத்தார். கோடு ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அதை அப்போதே சொன்னேன்.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஏன் சிரிச்ச?"

சொன்னேன். அப்பா, அப்பாவின் அப்பா, இருபத்தைந்து வயது, தினமும் காலையில் பூஜ்யத்தில் வைத்துப் போட்ட கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும், இதோ என்னைக் கட்டிக்கொள்வார், அடிப்பார், கல்லுளிமங்கி என்பார் என்று காத்திருந்தேன்.

"அப்பாவுக்கு எத்தன வருஷமா இப்புடி?"

"இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்க்கா."

அவர் தலையாட்டினார்.

"என் வூட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து அடிக்கிறதக்கூட ஒங்கிட்ட சொல்லியிருக்கேன்டி," என்றார். "எங்கம்மாவுக்கே அது தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கூடத்தின் வழியாக வெளியே போனார். அவர் பழைய மேஜைக்குத் திரும்பலாம் என்று மேனேஜர் சொல்லியனுப்பியும் வரவில்லை. எடை மேடையிலேயே இருந்துவிட்டார். வழியில் பார்த்தால் நல்லாயிருக்கியா என்று கேட்பார், அப்பா எப்படியிருக்கிறார் என்று தவறாமல் கேட்பார். அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார்.

அன்று அவர் போட்ட கோடு திரையில் அப்படியே இருந்தது. வடக்குச் சரிவிலிருந்து கிளம்பி, நான் முடித்து வைத்திருந்த வரைபடத்தின் குறுக்கே ஓடியது. வேலைக்கு இடைஞ்சல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து போட ஆரம்பித்தேன்.